மகள் பிறந்த வருஷத்து ஒயின்

குறிஞ்சிப்பாடியை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது வெயில் ஏறிவிட்டது. புதுச்சேரியை விட்டுக் கிளம்பி அது இரண்டாவது நாள். கையில் ஒரு துணிப்பை, தோளில் ஒரு பாய்ச்சுருட்டு. அதற்குள் இரண்டு வேட்டிகள், ஒரு போர்வை, நடுவில் படுக்கைவாட்டில் ஒரு பிரெஞ்சு ஒயின் புட்டி. பேருந்தில் போயிருக்கலாம்தான். ஆனால் அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு. எல்லையில் பேருந்தை நிறுத்தி மூட்டைகளைப் பிரித்துப் பார்ப்பார்கள். அதனால் பெண்ணையாற்று மணலில் இறங்கி, வயல் வரப்புகளில் ஏறி, கடலூரைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தேன். முதல் நாள் இரவு ஒரு மோட்டார் கொட்டகையில் படுத்தேன். காலையில் செருப்பு வார் அறுந்துபோனது. அதைப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன்.

புட்டி என்னுடையது அல்ல. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்குப் புதுச்சேரியில் சில மாதம் துணையாளாக இருந்தேன். அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்து, கடைசியில் வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரிந்தது. சமைக்க ஒரு அம்மாள் வருவார். முகச்சவரம் செய்துவிடுவதும், சாயங்காலம் கையைப் பிடித்துக் கடற்கரைக்கு அழைத்துப் போவதும் என் வேலை. நல்ல மனிதர், நல்ல சாப்பாடு. இருந்தாலும் எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியதும் இந்தக் காலால்தான். போகிறேன் என்று சொன்னேன்.

"எந்தப் பக்கம்?" என்றார்.

"நெய்வேலிங்க. காண்ட்ராக்டுக்கு ஆள் எடுக்கிறாங்களாம்."

நெய்வேலி என்று தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, சாமான் அறையில் மணல் தொட்டிக்குள் கையை விடச் சொன்னார். புட்டி அங்கே படுத்திருந்தது.

அதன் கதையை முன்பே பாதி சொல்லியிருந்தார். பிரான்சில் அவருடைய கேப்டனின் குடும்பத்துக்குச் சொந்தமாகத் திராட்சைத் தோட்டம் இருந்தது. பழம் வெளியில் விற்க மாட்டார்களாம். பாட்டன் காலத்திலிருந்து அவர்களே பறித்து, அவர்களே பிழிந்து, ஓக் மரப் பீப்பாய்களில் ஊற்றி ஒரு வருஷத்துக்கு மேல் நிலவறையில் விட்டுவைப்பார்களாம். அந்த மரத்தின் வாசனை வெள்ளை ஒயினில் இறங்க வேண்டும். ஒரு அறுவடைக்கு இவரும் லீவில் போய்ப் பழம் பறித்தார். பறித்துக்கொண்டிருந்தபோதுதான் மகள் பிறந்த தந்தி வந்தது. அந்த வருஷத்து ஒயினைப் புட்டியில் அடைத்ததும், கேப்டனின் தாயார் ஒன்றை எடுத்து இவர் கையில் கொடுத்து, மகள் கல்யாணத்தன்று திறக்கச் சொன்னாராம்.

கல்யாணம் அவர் இல்லாமல் நடந்தது. நெய்வேலியில் வேலை பார்த்த ஒரு திருநெல்வேலிப் பையனை மகளுக்குப் பிடித்திருந்தது. பையனின் மாமா தலைமையில் பெண் கேட்டு வந்தவர்களுக்கு மரியாதை செய்ய வேறொரு நல்ல புட்டியைத் திறந்திருக்கிறார். அவர்கள் பாதியில் எழுந்து போய்விட்டார்கள். குடிகாரன் வீடு என்று தெருவில் நின்று சொல்லிவிட்டுப் போனார்களாம். மகள் அப்பாவிடம் சண்டை போட்டுவிட்டு, கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு போனவள்தான். இதெல்லாம் சமைக்க வரும் அம்மாள் சொன்னது. அவர் என்னிடம் சொன்னதெல்லாம், "மரியாத பண்ணேன், எழுந்து பூட்டானுங்க" என்பது மட்டும்.

"அவகிட்ட குடு," என்றார். "குடிச்சாலும் சரி, சாக்கடைல ஊத்தினாலும் சரி. வெயில் படக்கூடாது. பச்சக் கொழந்தயத் தூக்கினு போற மாதிரி போவணும். எனக்குக் கண்ணு போச்சுன்னு மட்டும் சொல்லிடாத. பாவம் பாத்துகினு வர்ற வரவு எனக்கு வேணாம்."

சரி என்று சொல்லிவிட்டேன். தனக்கென்று அவர் கேட்டது அது ஒன்றுதான்.

குறிஞ்சிப்பாடியில் உச்சி வெயில். எங்கே இறக்கி வைப்பது என்று பார்த்துக்கொண்டே போனபோது ஒரு வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. தறிக்குழியைவிடக் குளிர்ச்சியான இடம் அந்தத் தெருவில் இருக்காது. கேட்டேன். தறிக்காரர் காலை ஒதுக்கிக்கொண்டு இடம் கொடுத்தார்.

"இன்னாய்யா அது, தைலமா?"

"மருந்துங்க."

"எதுக்கு?"

"அப்பனுக்கும் பொண்ணுக்கும் சண்ட. அதுக்கு."

"அப்ப எங்க வூட்டுக்கும் ரெண்டு சொட்டு வுட்டுட்டுப் போ," என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "ரெண்டு சொட்டு பத்தாது, இந்தாளுக்குக் கொடமா ஊத்துங்க," என்றாள். கூழும் கொடுத்தார்கள். வெயில் தாழும்வரை தூங்கிவிட்டு நடந்தேன். வடலூரில் சத்திரத்தில் சாப்பிட்டுப் படுத்து, மறுநாள் பிற்பகலில் நெய்வேலி வந்து சேர்ந்தேன்.

நெய்வேலியில் தெருக்கள் நோட்டில் கோடு போட்டதுபோல இருக்கும். ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி வேலி. பிளாக் எண் தெரியாவிட்டால் சொந்த வீட்டையே கண்டுபிடிக்க முடியாது. பெரியவர் சொல்லியனுப்பிய எண்ணில் கதவைத் திறந்த பெண்ணுக்கு அவர் முகவெட்டு அப்படியே இருந்தது. நான் பேசுவதற்கு முன் பாயைப் பிரித்துப் புட்டியைக் காட்டினேன். அவள் கை கதவிலேயே நின்றுவிட்டது.

"இத்த ஏன் அனுப்பினாரு?" என்றாள். "எங் கல்யாணத்துக்குன்னு வச்சினு இருந்தது. இனிமே அந்த வூட்ல உனக்குன்னு ஒண்ணும் இல்லன்னு சொல்லி அனுப்பினாரா?"

இப்படி ஒரு அர்த்தம் வரும் என்று நானும் நினைக்கவில்லை, அவரும் நினைத்திருக்க மாட்டார்.

"அப்படியெல்லாம் இல்லீங்கம்மா."

"ஒடம்பு எப்படி இருக்கு அவருக்கு?"

"தெனமும் சாயங்காலம் கடற்கரைக்கு நடக்கிறாருங்க."

பொய் இல்லை. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மூன்று நாள் நடந்தது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு அப்படிப் பதில் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது.

முதல் ஷிப்ட் முடிந்து அவள் கணவர் சைக்கிளில் வந்தார். காது மடல்களில் பழுப்பாகத் தூசி. விஷயத்தைக் கேட்டார்.

"கொல்லையில ஊத்திடுங்க," என்றாள் அவள்.

"ஊத்துறதுக்கா இந்த அண்ணாச்சி பாண்டியில இருந்து நடந்து வந்தாரு? ஒரு வாய் என்னன்னு பாப்போம். பெறகு ஊத்துவோம்."

"உங்க மாமா கேட்டா?"

"மாமா இருக்கது தின்னவேலியில. இங்க நின்னா வாட பிடிக்கப் போறாரு?"

அவள் சிரிக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. குடிதண்ணீர்ப் பானையின் அடியில் இருந்த ஈர மணலில் புட்டியைப் புதைத்து வைத்தோம். குளிர்ந்த பிறகு அவர் ஜன்னலைச் சாத்திவிட்டு, தக்கையில் மரத்துக்குப் போடும் ஸ்க்ரூ ஒன்றை முடுக்கிக் குறடால் இழுத்தார். தக்கை பாதி வந்தது, பாதி பொடிந்து உள்ளே விழுந்தது. அவள் ஒரு மெல்லிய துணியைக் கொண்டுவந்தாள். வடிகட்டிக் கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் ஊற்றினாள். தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது.

கணவர் கையை நீட்டினார்.

"இருங்க, இருங்க. இத்தினி வருசம் ஆச்சு, இன்னாவா ஆயிருக்குமோ. நீங்க வாயில வைக்காதீங்க, நான் மொதல்ல பாக்கறேன்."

ஒரு மடக்குக் குடித்தாள். வாயிலேயே கொஞ்சம் வைத்திருந்தாள். விழுங்கினாள். தம்ளரை அவரிடம் நீட்டப் போனவள், நீட்டிய கையோடு நின்றுவிட்டாள்.

"அன்னிக்கு அப்பா இதத்தானே பண்ணாரு," என்றாள்.

அவள் சொல்லச் சொல்லத்தான் எனக்கு முழுக் கதையும் தெரிந்தது. பெண் கேட்டு வந்தவர்கள் முன்னால் அவர் தன் கோப்பையில் ஊற்றித் தானே முதலில் குடித்திருக்கிறார். அதன் பிறகுதான் பையனின் மாமாவுக்கு நீட்டியிருக்கிறார். விருந்தாளியை உட்கார வைத்துவிட்டுத் தான் முந்திக் குடித்து, எச்சில் மிச்சத்தை நீட்டுகிறான் என்று அவர்கள் எழுந்திருக்கிறார்கள். கெட்டுப்போயிருந்தால் அது விருந்தாளி வாய்க்குப் போகக்கூடாது என்பதற்காக வீட்டுக்காரன் முதலில் ருசி பார்ப்பது பிரெஞ்சுக்காரர்களின் மரியாதை. யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"அவரால பொறுக்க முடியலன்னு நெனச்சேன்," என்றாள். "ஒரு கிளாஸ் பொறுத்துக்கக் கூடாதான்னு மூஞ்சிக்கு நேரா கேட்டேனே. ஒண்ணுமே பேசலிங்க. அப்படியே ஒக்காந்துகினு இருந்தாரு."

"மாமா எந்திரிச்சதும் நானும் எந்திரிச்சேன். எதுக்குன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்," என்றார் கணவர். பிறகு அவள் கையிலிருந்து அதே தம்ளரை வாங்கிக் குடித்தார்.

எனக்கும் ஊற்றினாள். சாராயம் எனக்குத் தெரியும். இது அந்த ஜாதியே இல்லை. முதலில் எலுமிச்சம்பழம்போல ஒரு சின்னப் புளிப்பு. அப்புறம் வெண்ணெய் காய்ச்சும்போது வரும் வாசனை, வறுத்த முந்திரி, கடைசியில் இழைத்த பலகை. விழுங்கிய பிறகும் வாயை விட்டுப் போகவில்லை. அந்தப் பழங்களில் சில அவர் பறித்தவை என்று சொன்னேன். அவளுக்கும் தெரிந்திருந்தது. பாதிக்கு மேல் ஊற்றவிடாமல் புட்டியைத் தள்ளி வைத்தாள்.

"பறிச்சவரு ஒரு வாய் குடிக்கலியே. காலையில நாம போலாங்க."

"புட்டியோடவா?" என்றேன். "திரும்பவும் யாருங்க நடக்கிறது?"

"பாண்டிக்குப் போற பஸ்ஸில எந்தப் போலீஸ்காரன் பாட்டில் தேடுதான்?" என்றார் கணவர். "பயமா இருந்தா கேரியர்ல ஊத்திக்கிடுவோம். ரசம்னு சொல்லிரலாம்." அவள் அப்போது சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

காலையில் மூவரும் பேருந்து நிலையம் போனோம். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, ஈரத்துணி சுற்றிய புட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கிளம்பியே விட்டதால், இனிமேல் சொன்னால் வாக்குத் தவறியதாகாது என்று எனக்குப் பட்டது. ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

"வாசல்ல நின்னுகினே அப்பான்னு கூப்புடுங்கம்மா. சத்தமில்லாம உள்ள போயிடாதீங்க. அவருக்குக் கண்ணு தெரியலங்க."

அவள் என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "சவரம் யாரு பண்றா இப்ப?" என்று கேட்டாள்.

"பக்கத்துத் தெரு நாவிதர்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கேங்க."

தலையை ஆட்டினாள். பேருந்து நகர்ந்தது. கணவர் படியில் நின்றபடி, சுரங்க வாசலில் எந்த மேஸ்திரியைப் பார்ப்பது என்று இன்னொரு தடவை கத்திச் சொன்னார்.

மேஸ்திரி என் காலைப் பார்த்தார், தோளைப் பார்த்தார், கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்தார். கன்வேயர் பெல்ட்டின் அடியில் சிந்திக் கிடக்கும் நிலக்கரியை வாரித் திரும்பப் பெல்ட்டில் போடும் வேலை. செருப்பு இல்லாமல் நிற்கக்கூடாது என்றார். பையிலிருந்ததை எடுத்துச் சணலால் கட்டிக்கொண்டு இறங்கினேன்.