அம்மா நட்ட புல்

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி வாசலில், ‘புல்லில் உட்காராதீர்’ போர்டைச் சுற்றி மிஷினால் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்காக நின்ற எனக்கு அந்தப் பச்சை வாசனையில் செஞ்சிக் கோட்டை ஞாபகம் வந்துவிட்டது.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அங்கே அம்மா தோட்ட வேலைக்குப் போனாள். லீவு நாளில் நானும் போவேன். மதிலேறி ஓடுவேன். சுடும் கருங்கல்லில் குப்புறப் படுத்து, மதில் ஓட்டை வழியாக அகழியைப் பார்ப்பேன். சுவரைப் பிளந்து முளைத்த சீத்தா மரத்தில் பழம் தேடுவேன். கீழே அம்மாவும் நாலு பெண்களும் குந்தியபடியே நகர்ந்து, கொத்துக் கொத்தாகப் புல் நடுவார்கள். கோட்டையைக் கட்டியது யார், பிடித்தது யார் என்றெல்லாம் வாசலில் எழுதியிருந்தது. புல் நட்டவர்கள் பேர் எங்கேயும் இல்லை.

புல் பிடித்ததும் மேஸ்திரி இதே மாதிரி ஒரு போர்டு வைத்தார். அன்று மதியமே அம்மா செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, நடுப்புல்லில் உட்கார்ந்து சோற்றுத் தூக்கைத் திறந்தாள்.

“போர்டு கண்ணுக்குத் தெரியலையா?” என்று கத்தினார் மேஸ்திரி.

“தெரியுது. இதுல நான் நடாத புல்லு எதுன்னு காட்டு மேஸ்திரி, எழுந்துக்கறேன்” என்றாள் அம்மா. பிறகு மதிலைப் பார்த்து, “இறங்கி வாடி, சாப்புடலாம்” என்றாள்.

இன்று எட்டு மணி நேரம் அசெம்பிளி லைனில் நின்ற கால் எனக்கு. ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, புல்லின் நடுவில் போய் உட்கார்ந்தேன். செக்யூரிட்டி ஓடி வந்தார்.

“இன்னாமா, போர்டு தெர்ல?”

“தெரியுதுண்ணா” என்று காலை நீட்டினேன். “இத நட்டவங்க வந்து சொல்லட்டும், எழுந்துக்கறேன்.”