திருமுடிவாக்கத்தில் வித்யா கட்டிய மர மண்டபம்

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்கு யாராவது ஊர் சுற்றிப் பார்க்கப் போவார்களா என்று கேட்காதீர்கள். புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை நான் போனேன். அங்கே மூடிக்கிடந்த ஓர் ஆலையைப் புதுப்பித்துச் சிறு பட்டறைகளுக்கும் கண்காட்சிகளுக்கும் விட்டிருக்கிறார்கள். அதன் முற்றத்தில் நிற்கும் மர மண்டபம் என் தங்கை வித்யா வடிவமைத்தது. கட்டி முடித்த கையோடு காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. அவள் கைபட்டதில் மிச்சம் அது ஒன்றுதான். முதலில் நான் பார்த்துவிட்டு, பிறகு அம்மாவை அழைத்துப் போவதாக ஏற்பாடு.

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் தாம்பரம், அங்கிருந்து மின்சார ரயிலில் பல்லாவரம்; டிக்கெட் ஐந்து ரூபாய். பிறகு பம்மல், அனகாபுத்தூர் வழியாக ஆட்டோவில் சுமார் ஒன்பது கிலோமீட்டர். இருநூற்றைம்பது கேட்டார், கொடுத்தேன். பேரம் பேசும் மனநிலை இல்லை.

"அங்க இன்னா சார் கீது பாக்க? ஃபுல்லா கம்பெனிதானே?" என்றார் ஓட்டுநர்.

"என் தங்கச்சி வேலை செஞ்ச இடம். இப்ப அவ இல்ல," என்றேன். ஓடிக்கொண்டிருந்த பாட்டை அணைத்தார். நல்ல மனுஷன்.

இடித்த வீடுகளிலிருந்து எடுத்த பழைய தேக்கில் கட்டிய மண்டபம். ஆணி கிடையாது, கட்டைக்குள் கட்டை நுழைந்து கவ்விக்கொண்டு நிற்கிறது. பட்டறைக்காரர்கள் மதியம் நிழலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றுதான் வரைந்தாள். சாப்பிட்டுக்கொண்டும் இருந்தார்கள். ஆனால் பாதி மண்டபம் செக்கச்செவேல் என்று பெயின்ட் பூசிக்கொண்டு நின்றது.

பிரஷும் கையுமாக நின்றவர் மஸ்தான் பாய். பக்கத்துப் பட்டறையில் இரும்பு கேட்டும் கிரில்லும் செய்பவர். "யாரைக் கேட்டு அடிச்சீங்க?" என்று பாய்ந்தேன். நான் வித்யாவின் அண்ணன் என்று சொன்னதும் பிரஷைக் கீழே வைத்தார்.

"மழ வரப்போவுது சார். ரெட் ஆக்ஸைடு அடிக்காம எங்க பட்டறையிலேர்ந்து ஒரு சாமான் வெளிய போவாது. இதுக்கு இன்னா பெயின்ட்டுனு உங்க தங்கச்சிகிட்ட அப்பவே கேட்டேன். சிரிச்சாங்க. 'அப்புறம் வந்து சொல்றேன் பாய்'னாங்க. வரவே இல்ல. வுட்டா மக்கிப்பூடும்னு நாங்களே சேந்து அடிக்கிறோம்."

இரும்புக்காரருக்குத் தெரிந்த பாசம் அது. துருப்பிடிக்காத மரத்துக்குத் துரு மருந்து!

"மீதியை விட்டுடுங்க பாய். மழையிலயும் வெயில்லயும் மரம் தானா நரைக்கணும்னு அவளுக்கு ஆசை."

பாய் பெயின்ட் படாத தூண் ஒன்றைத் தடவினார். "நரைக்கணுமா? அந்தப் பொண்ணு தலைல ஒரு நரமுடி பாத்ததில்லியே சார்," என்றபடி டின்னை மூடினார். சாப்பிடுகிறவர்கள் நடுவே உட்கார்ந்து நான் அழுதேன். யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள்.

போகிறவர்களுக்கு: ஞாயிறு கேட் பூட்டியிருக்கும். மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக் கூட்டம் வந்துவிடும். அதற்கு முன்னால் போனால் உட்கார இடம் கிடைக்கும். திரும்பி வர ஆட்டோ கிடைப்பது கஷ்டம், வந்த வண்டியையே நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள், "எப்படிடா இருக்கு?"

"நல்லா பாத்துக்கிறாங்கம்மா," என்றேன்.

"அதையாவது பாத்துக்கட்டும்," என்றாள்.