சுவரில்லாத பள்ளிக்கு ஒரு கதவு

மணப்பாடு போக வழி கேட்டு நிறையப் பேர் எழுதுகிறீர்கள். எனக்குத் தெரிந்த வழி, பஸ் கூரையில் கதவோடு போனது. எழுபதுகளின் நடுவில், ஒரு கோடை.

மணப்பாட்டுக்குப் பக்கத்து மீனவக் குப்பத்து ஆரம்பப் பள்ளியில் அப்போது நான் புது வாத்தியார். பள்ளி என்றால் பனங்கால்களும் மேலே ஓலையும்தான். சுவர் கிடையாது. வெயில் பக்கவாட்டில் நுழைந்து மணல் சுட ஆரம்பித்தால், பாதி வகுப்பு நின்றுகொண்டுதான் பாடம் கேட்கும். பெஞ்சு கேட்டு எழுதினோம். பூட்டக்கூடிய கதவு இருந்தால்தான் பெஞ்சு, இல்லாவிட்டால் களவு போகும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அதே வருடம் டவுன் பள்ளி ஒன்றுக்கு இரண்டாம் தடவையாகப் பெஞ்சு போனது. அங்கே கதவுக்குப் பஞ்சமில்லை. நான் ஆபீசைத் திட்டித் தீர்த்தேன். தலைமையாசிரியை, நாங்கள் பெரிய டீச்சர் என்போம், அலட்டிக்கொள்ளவில்லை.

"கதவுதான கேக்காவ? வச்சிருவோம்" என்றார்.

வள்ளத்துக்கு ஒரு மீன் என்று ஒதுக்கி, கரையிலேயே ஏலம் விட்டுக் குப்பத்தார் காசு சேர்த்தார்கள். நானும் டீச்சரும் காலை ஆறு மணி பஸ் பிடித்து, திருச்செந்தூரில் மாறி, தூத்துக்குடி போனோம். ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். பழைய மரக்கடையில் நிலையோடு ஒரு வேப்பமரக் கதவு நாற்பது ரூபாய். பூட்டு தனி.

திரும்பும்போது கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தபடி, "வீடு எங்கன கட்டுதீய டீச்சர்?" என்றார்.

"வீடு இல்ல தம்பி, கதவு மட்டுந்தான்."

திருச்செந்தூர் வரை அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

நிலையை மணலில் ஊன்றி, கதவை மாட்டிப் பூட்டினோம். ஆய்வுக்கு வந்த அதிகாரி நேராகப் போய்க் கதவுக்கு முன்னால் நின்றார். இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். பதில் வணக்கம் சொன்னாரே தவிர, சாவி வரும்வரை மனிதர் அசையவில்லை. திறந்ததும் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தார். கதவு திருப்தி என்று எழுதிக்கொண்டார்.

மறுமாதம் பெஞ்சுகள் வந்தன. கதவு வழியே நுழையாததால் லாரிக்காரர் பக்கவாட்டில் தூக்கிவந்து போட்டார்.

"பொறவு இந்தக் கதவு எதுக்கு டீச்சர்?"

"அது ஆபீசுக்கு அண்ணாச்சி."

அன்றைக்கு மத்தியானம் மணி அடித்தும் பிள்ளைகள் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை.

போகிறவர்கள் திருச்செந்தூரில் பஸ் மாறியதும் இடப்பக்கம் உட்காருங்கள், கடல் தெரியும். குடிதண்ணீர் கையோடு இருக்கட்டும். கதவு கொண்டுபோகிறவர்கள் கூரையில் படுக்கப்போட்டுக் கட்டவும்.

பிறகு சுவர் கேட்டும் எழுதினோம். கதவே இருக்கிற பள்ளியில் சுவர் இல்லாமலா இருக்கும் என்று பதில் வந்தது.