வெள்ளத்தின் குறுக்கே அக்கா கட்டிய கயிறு

எங்கள் அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இதை எழுத உட்கார்ந்து பல முறை எழுந்துவிட்டேன். அவரைப் போலவே எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

அக்கா பிறந்தது சேத்தியாத்தோப்பில். அப்பா தவறியதும் படிப்பை விட்டு அம்மாவுடன் நடவுக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார். மாமாவை மணந்து நெய்வேலிக்கு வந்தார். மாமாவுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. பர்மனென்ட் ஆகும் என்று காத்திருந்தே அவருக்கு வயதாகிவிட்டது. குடும்பம் நடக்க வேண்டுமே என்று அக்கா நெய்வேலியை ஒட்டிய வடக்குத்தில் ஷாமியானா கடை வைத்தார். அங்கேயே குடியிருந்தோம்; நானும் அவர்களோடுதான். டவுன்ஷிப்பில் எந்த பிளாக்கில் பந்தல் போட்டாலும், சாப்பாட்டின் பாதியில் எழுந்து போய் முடிச்சுகளை இழுத்துப் பார்ப்பார். "காத்து சொல்லிக்கினா வரும்?" என்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் பெருமழையில் ஏரி உடைந்து எங்கள் தெரு ஆறாக ஓடியது. எதிர்வீட்டு ஸ்டெல்லாவுக்கு அன்றுதான் பிரசவ வலி கண்டது. அவர் கணவர் ஷிப்டுக்குப் போயிருந்தார்; வீட்டில் வயதான மாமியார் மட்டும்தான். ஆம்புலன்ஸ் தண்ணீரைத் தாண்ட முடியாமல் எங்கள் வீட்டுப் பக்கமிருந்த மேட்டிலேயே நின்றுவிட்டது.

மாமா பந்தல் கயிற்றை எங்கள் வாசல் இரும்புக் கம்பத்தில் கட்டினார். அக்கா இழுத்ததும் ஈரக் கம்பத்தில் அது வழுக்கி இறங்கியது.

"இன்னாங்க இது? நகருங்க!"

கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, அதன் மேலேயே குறுக்காகப் போட்டு, மறுபடி சுற்றி, முனையைக் குறுக்குக்கு அடியில் செருகி இறுக்கினார். மேலே இன்னொரு முடிச்சும் போட்டார். தொங்கிப் பார்த்தார். நகரவில்லை.

"நான் போறேன்க்கா" என்றேன்.

"நீ கம்பத்த பாத்துக்க. நெகிழ்ந்தா கத்து."

மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு, நெஞ்சளவுத் தண்ணீரில் கடந்து, ஸ்டெல்லா வீட்டு கேட் தூணிலும் அதேபோல் கட்டினார். மாமாவும் பின்னால் போனார். இருவருக்கும் நடுவில் ஸ்டெல்லா நடந்து வந்தார். பாதி வழியில் அவருக்குக் கால் இடறியது. கயிறு விண்ணென்று இழுபட்டது.

"என்னால முடியலக்கா!"

"கயித்த வுடாத. கொழந்தைய நெனச்சிக்கோ. நடம்மா!"

நான் முடிச்சை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அது இன்னும் இறுகிற்று.

கரையேறியதும் அக்கா மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை. "மாமியார்க்காரம்மா தனியா கெடக்குறாங்க" என்று திரும்பவும் இறங்கிவிட்டார். அன்று மாலை ஸ்டெல்லாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

பிறகு அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதானது. டயாலிசிஸின்போது கையை அசைக்காமல் படுத்திருப்பதுதான் அவருக்குப் பெரிய வேதனை. கடைசி நாளில், "எழுப்பி வுடுறா, வூட்டுக்குப் போலாம்" என்றார். என் தோளில் சாய்த்து உட்கார வைத்தேன். அப்படியே அடங்கிவிட்டார்.

ரத்தம் கொடுத்த தெருப் பிள்ளைகளுக்கும், மருத்துவமனைக்கு அழைத்துப்போன ஆட்டோக்காரர்களுக்கும், எங்களுக்குச் சோறு கொண்டுவந்த ஸ்டெல்லா குடும்பத்துக்கும் நன்றி. உங்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். மாமா இப்போது வீட்டில் ஓரிடத்தில் உட்காருவதில்லை. வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டே இருக்கிறார். வடக்குத்துப் பக்கம் வந்தால், அவரோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போங்கள்.