துலுக்கானத்தின் வாய்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் பம்பு கம்பெனிக்குள் வெற்றிலை பாக்கு போட்டால் மெமோ. நெமிலிச்சேரியிலிருந்து ரயிலேறி வரும் துலுக்கானத்துக்கு டீயைத் தவிர வேறு பழக்கம் கிடையாது. ஆனால் 1989-ல் அவன் வாய் எதையோ மெல்வதுபோல் ஓயாமல் அசைய ஆரம்பித்தது. உதடு சப்புக்கொட்டியது, நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அவனுக்கே அது தெரியவில்லை.

ஃபோர்மேன் உலகநாதனுக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரியாதது உலகத்தில் ஏதாவது உண்டா? தினமும் டிரில்லிங் மிஷினை நிறுத்தச் சொல்லி, "வாயத் தொறடா" என்பார். துலுக்கானம் திறப்பான். உள்ளே நாக்கு புழுவாக நெளியும். அதை நேருக்கு நேர் பார்த்துவிட்டு அந்த மேதை நோட்டில் எழுதுவார்: 'வாயில் ஒன்றும் இல்லை. விழுங்கிவிட்டான்.' நாற்பத்து மூன்று நாளும் இதே எழுத்து. நாங்களும் கூட நின்று சிரித்தோம். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது. கடைசியில் வேலைநீக்க நோட்டீஸ் வந்தது. விசாரணைக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

"தூங்கசொல்லோ வாய் சும்மா கீதுண்ணே. முழிச்சுகினா மெல்லுது" என்று அவன் பெண்சாதி வேம்புலியம்மாள் அழுதாள்.

அதன் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. அவன் மனசுக்கு மாத்திரை தின்பதாக அவள் சொல்ல, மனநல டாக்டர் வரலட்சுமியிடம் அவனைக் கூட்டிப்போனேன். காதில் குரல் கேட்கிறது என்று பத்து வருஷம் முன்பு யாரோ எழுதிய மருந்துச்சீட்டை இன்னும் கடையில் நீட்டி, அதே மாத்திரையைத் தின்று வந்திருக்கிறான். சீட்டுதான் கிழிந்தது, ஏனென்று கேட்க நாதியில்லை.

டாக்டரும் முதலில், "வாயில ஏதாவது இருக்கா?" என்றுதான் கேட்டார். ஃபோர்மேன் செய்த அதே சோதனை. ஆனால் இவர் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடச் சொன்னார். விரல் ஓட ஓட, தாடை இன்னும் வேகமாக மென்றது. செருப்பில்லாத கால்விரல்களும் ஆடின.

"மாத்திரையால வந்தது. சட்டுனு நிறுத்தக் கூடாது, மெதுவா குறைக்கலாம். முழுசா போயிடும்னு சொல்ல முடியாது" என்று கடிதம் கொடுத்தார்.

விசாரணையில் மேனேஜர் அதைப் படித்ததும், "எல்லாம் நடிப்பு சார்" என்று உலகநாதன் தன் நோட்டை நீட்டினார்.

மேனேஜர் புரட்டினார். "நாப்பத்து மூணு நாள்ல ஒரு நாள்கூடவா அகப்படல?"

நுணலும் தன் வாயால் கெடும். எங்கள் ஃபோர்மேன் தன் நோட்டால் கெட்டார். நோட்டீஸ் ரத்தானது.

அத்தோடு விட்டாரா மேனேஜர்? "வெளி ஆளுங்க வர்றப்ப மட்டும் வாயை அடக்கி வைப்பா" என்றார்.

துலுக்கானம் அவரை நிமிர்ந்து பார்த்தான். "நானா சார் மெல்றேன்? அது மெல்லுது. இன்னா சொல்றதுன்னாலும் அதாண்டயே சொல்லு சார்" என்றான்.