பாதியில் நிறுத்திய பாட்டு

நான் எலெக்ட்ரீஷியன். பழனிசெட்டிபட்டியில் கடை வைத்திருக்கிறேன். ஃபேன் தானாகச் சுற்றுகிறது, பேய் இருக்கிறது என்று யாராவது கூப்பிட்டால் போய் வயரைத்தான் பார்ப்பேன், இதுவரை வயரில்தான் கோளாறு இருந்திருக்கிறது. அதனால் இதைச் சொன்னால் சிரிப்பீர்கள் என்று தெரியும். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

நாங்கள் மூன்று பேர். நான், கம்பத்துப் பிரபு, சதீஷ். சினிமா பக்கம் போகாமல் சொந்தமாகப் பாட்டுப் போடும் ராக் பேண்டுகள் என்றால் எங்களுக்கு உயிர். தேனியில் அதைப் பேச வேறு ஆள் கிடையாது, எதைப் போட்டாலும் எந்தப் படம் என்றுதான் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வைகை அணைக்குப் போய், என் புளூடூத் ஸ்பீக்கரை நடுவில் வைத்து, ஆளுக்கு ஒரு பாட்டுப் போடுவோம். பேண்டு பெயரைச் சொல்லக் கூடாது. பாட்டு முடிகிறவரை வாய் திறக்கக் கூடாது. முடிந்ததும் பத்துக்கு மார்க், அப்புறம் இருட்டும்வரை சண்டை. நான் எட்டுக்கு மேல் போட்டதே இல்லை, அதில் எனக்கு ஒரு திமிர்.

போன வருஷம் ஒரு ஞாயிறு பிரபு ஒரு பாட்டுப் போட்டான். ஒற்றை கிடார், நடுங்குகிற குரல். ஒரு நிமிஷத்துக்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே, நிப்பாட்டு. கக்கூஸ்ல ஒக்காந்து பாடுன மாதிரி இருக்கு. இதெல்லாம் ஒரு பேண்டாடா?"

அவன் சிரித்துக்கொண்டே நிறுத்தினான். மறுநாள் சதீஷ் போனில் சொன்னான். "அது அவன் சொந்தப் பாட்டுடா. ஒங்கிட்ட மார்க் வாங்கத்தான் கொண்டாந்தான்."

அதற்கப்புறம் பிரபு வரவில்லை. கொச்சியில் வேலை என்று போய்விட்டான், என் போனை எடுப்பதில்லை. சதீஷ் கல்யாணமாகித் திருப்பூர் போனான். நான் மட்டும் ஞாயிறானால் ஸ்பீக்கரோடு அணைக்குப் போவேன். தனியாகப் பாட்டுக் கேட்டுவிடலாம், சண்டைக்குத்தான் ஆள் வேண்டும். ஐந்து நிமிஷத்தில் அலுத்துவிடும்.

அப்படி ஒரு நாள், நல்ல வெயில் இருக்கும்போதே, என் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. கிளம்பலாம் என்று ஸ்பீக்கரை எடுக்கிறேன், டிங் என்று கனெக்ட் ஆகிறது. அந்த ஸ்பீக்கருக்கு எங்கள் மூன்று பேர் போனைத் தவிர வேறு எதுவும் தெரியாது. பத்து மீட்டருக்கு மேல் எட்டவும் எட்டாது. நம்பினால் நம்புங்கள், கிடார் கேட்டது. அதே பாட்டு. முதலில் இருந்து இல்லை, நான் நிறுத்தச் சொன்ன இடத்தில் இருந்து.

பிரபுதான் ஒளிந்துகொண்டு விளையாடுகிறான் என்று மரம் மரமாகப் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, விதிப்படி வாய் திறக்காமல் கேட்டேன். கடைசியில் வார்த்தையே இல்லாமல் முனகுகிறான், எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தைவிட வெட்கம்தான் அதிகம். பாட்டு முடிந்தும் ஸ்பீக்கரின் நீல விளக்கு அணையாமல் அப்படியே இருந்தது.

"ஒம்பது" என்றேன். அப்போதும் பத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டிங் என்று கனெக்‌ஷன் போனது.

பக்கத்தில் மீன் வறுக்கிற அக்காவிடம் ஓடினேன். "இங்கன யாராச்சும் வந்தாகளாக்கா?"

"யாரும் வரலையே தம்பி, நீங்க ஒத்தையிலதான ஒக்காந்திருந்தீக. பாட்டு நல்லா இருந்துச்சு, எந்தப் படம்?"

மறுநாள் கடை நம்பரில் இருந்து பிரபுவைக் கூப்பிட்டேன், எடுத்துவிட்டான். மன்னிப்புக் கேட்டேன். மீதிப் பாட்டையும் கேட்டேன்டா என்று சொல்லி, அந்த முனகலை முனகிக் காட்டினேன். பாதியிலேயே அவன் என்னை நிறுத்தினான்.

"ஒரு நிமிசத்துக்கு மேல நான் பதியவே இல்லடா. மீதிய யாருக்கும் பாடிக் காட்டல. மனசுக்குள்ளதான் கெடக்கு."

வைப்பதற்கு முன்னால் ஒன்று கேட்டான். "ஒம்பதுதானாடா?"

நான் மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

அன்றோடு என் இரண்டு நம்பரையும் பிளாக் பண்ணிவிட்டான். "ஒன்ன நெனச்சாலே பயமா இருக்குங்கிறான்டா" என்கிறான் சதீஷ்.

இப்போதும் ஞாயிறானால் போகிறேன். என் போனை அணைத்துவிட்டு ஸ்பீக்கரை எதிரில் வைத்து, பத்து என்று சத்தமாகவே சொல்கிறேன். நீல விளக்கு விட்டு விட்டு எரிகிறது, எந்தப் போனோடும் சேரவில்லை.