சாராயக்கடை எதிரில் மீன் வறுத்த வருஷங்கள்

உத்திரமேரூருக்குக் கொஞ்சம் தள்ளி, ஏரிக்கரையை ஒட்டிய எங்கள் ஊரில் அரசாங்கச் சாராயக்கடை மறுபடி திறந்தபோது எனக்கு முப்பது வயது ஆகியிருக்காது. மூட்டை தூக்கும் வேலைக்கு மெட்ராஸ் போன என் வீட்டுக்காரர் அதற்கு முன்பே வருவதை நிறுத்தியிருந்தார். முதலில் மாதம் ஒருமுறை வந்தார். பிறகு பொங்கலுக்கு மட்டும் வந்தார். அப்புறம் அங்கே அவருக்கு வேறு குடும்பம் இருக்கிறது என்கிற சேதிதான் வந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஐயங்கார்குளத்தில் இருந்த அண்ணன் வந்துவிடு என்று கூப்பிட்டான். அண்ணி கூப்பிடவில்லை. அதனால் நான் போகவில்லை.

நடவும் களையெடுப்பும் உள்ள நாட்களில் எப்படியோ ஓடியது. மற்ற நாட்களில் என்ன செய்வது? கடைக்கு வருகிறவர்கள் கடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் ஊறுகாயை நக்கிக்கொண்டு நிற்பதைக் கொஞ்ச நாள் பார்த்தேன். பிறகு கடைக்கு எதிரே, ரோட்டோரத்துப் புளியமரத்தின் கீழ் அடுப்பு மூட்டி, ஒரு தோசைக்கல்லைப் போட்டு மீன் வறுக்க ஆரம்பித்தேன்.

நல்ல மீன் வாங்க எனக்கு வக்கில்லை. ஏரியில் பிடிக்கிற விரால் எல்லாம் கூடையோடு டவுனுக்குப் போய்விடும். மிஞ்சுவது ஜிலேபிக் கெண்டையும் பொடிமீனும். ஜிலேபிக்குச் சேற்று வாடை உண்டு. கல் உப்பும் புளிச்சக்கையும் போட்டுத் தேய்த்து, அரிசி கழுவின தண்ணீரில் கொஞ்ச நேரம் கிடத்தி அலசினால்தான் அது போகும்.

எண்ணெய்தான் என்னைப் பயமுறுத்தியது. தடவின மசாலா கல்லில் உதிர்ந்தால் எண்ணெய் கறுத்துவிடும், கீழே கொட்ட வேண்டியதுதான். அதனால் உதிராத மசாலாவாக இருக்க வேண்டும். மிளகாயோடு ஊறவைத்த பச்சரிசி நொய்யையும் சேர்த்து அம்மியில் அரைத்தேன். சந்தையில் மிளகாய் மூட்டையின் அடியில் தங்குகிற உடைசலைக் கேட்டால் மலிவாகத் தருவார்கள். காரம் அதிலும் அதே காரம்தான். பூண்டைத் தோலோடு தட்டிப் போட்டேன். சோம்பு ஒரு சிட்டிகை. எலுமிச்சைக்கு எங்கே போவது? கோடைக்காற்றில் தோப்பில் உதிரும் மாம்பிஞ்சுகளைப் பொறுக்கி வந்து, கீறி உப்பில் புரட்டிக் காயவைத்து, இடித்து வைத்துக்கொண்டேன். பொடிமீனுக்கு அந்த மாங்காய்த் தூளும் மிளகாய்த்தூளும் உப்பும் மட்டும்தான். தண்ணீர் சேர்க்காமல் அப்படியே விரலால் தேய்த்துப் பிசிறி, ஓலைப்பாயில் கொஞ்சம் வெயில் காட்டி எடுத்தால் சொட்டு எண்ணெயில் மொறுமொறுவென்று வரும்.

வியாபாரம் பிடித்துக்கொண்டது. சாயங்காலமானால் மந்தாரை இலையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். என் மீனைச் சாப்பிடாத ஆண்பிள்ளை அந்தச் சுற்றுவட்டாரத்தில் குறைவு. ஆனால் ஒரு காதுகுத்துக்கோ மஞ்சள் நீராட்டுக்கோ என்னைக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. பைப்படிக்குக் குடத்தோடு போனால் பேச்சு நின்றுவிடும். வழிவிட்டு ஒதுங்குவார்கள். மரியாதைக்கு ஒதுங்குகிற மாதிரியே இருக்கும், முதலில் நானே ஏமாந்திருக்கிறேன். பகல் முழுவதும் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, சாயங்காலம் முதல் ஆளிடம் "கெண்டையா பொடிமீனா" என்று கேட்கும்போது என் குரல் கரகரவென்று வரும்.

அப்படி இருக்கையில் ஒரு மத்தியானம், நான் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து மீனுக்குக் கீறல் போட்டுக்கொண்டிருந்தேன். வேலிப்படலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றாள். மேலத்தெருவில் வாக்கப்பட்டு வந்தவள். அவள் புருஷன் தினமும் என் கல்லுக்கு முன்னால் நிற்கிறவன்.

"இன்னாம்மா வேணும்?" என்றேன். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "ஒண்ணுமில்லக்கா. மீனுக்கு நீ இன்னா போட்டுத் தடவுற? எங்க வூட்ல இன்னா பண்ணி வச்சாலும் அவுரு தட்டத் தள்ளிட்டு உன் மீனத்தான் சொல்லிக்கினு கீறாரு."

நான் அடுத்த மீனை எடுத்துக் கீறினேன். மசாலாதான் என் பிழைப்பு. அவளே தொடர்ந்தாள்.

"வூட்லயே அதே மாதிரி வறுத்து வச்சா அவுரு நேரத்தோட வந்துடுவாரோன்னு பாக்குறேன். வேற ஒண்ணும் இல்லக்கா."

படலைத் தள்ளித் திறந்தேன். என் வாடிக்கையில் ஒருவன் குறைவான் என்பது தெரிந்துதான் திறந்தேன். என் வீட்டுக்குள் ஒரு மனுஷி வந்து எதிரில் குந்தி எத்தனை காலமாயிற்று என்பதே அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாக இருந்தது.

நொய்யை ஏன் சேர்க்க வேண்டும் என்று காட்டினேன். கீறலுக்குள் விரலை விட்டுத் தடவச் சொன்னேன். அவள் உப்புப் போடப் பயந்தாள். கையைப் பிடித்து இன்னும் கொஞ்சம் போட வைத்தேன். அவள் கை சில்லென்று இருந்தது. மிளகாய் எரிச்சல் தாங்காமல் அவள் கையை உதற, ஒரு கிண்ணம் மோரில் இருவரும் கையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அதற்குப் பிறகும் வந்தாள். அவள் புருஷன் கழனிக்குப் போன நேரமாகப் பார்த்து வருவாள். ஒரு நாள் ஆட்டுக்குடலுக்கு எப்படி என்று கேட்டாள். மஞ்சளும் புளித்த மோரும் ஊற்றிப் பிசைந்து ஊறவைத்தால் வாடையும் போகும், சீக்கிரமும் வேகும், விறகு மிச்சம் என்று சொன்னேன். இன்னொரு நாள் கேட்பதற்கு ஒன்றும் இல்லாமலே வந்தாள். பழையசீவரத்துப் பக்கம் அவள் அம்மா வீடு. பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் மொண்டதைச் சொன்னாள். நான் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னேன். அதுவரை அதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பூண்டைத் தட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்பலாம் வெளிச்சம் இருக்கசொல்லவே வந்துடுறாருக்கா" என்று ஒரு தடவை சொன்னாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அவன் வராத சாயங்காலங்களில் கல்லில் அவனுடைய மீன் மிஞ்சும். அதை வீட்டுக்கு எடுத்துவந்து நானே தின்பேன்.

அது நீடிக்கவில்லை. ஒரு நாள் அவன் கடையிலிருந்து வெளியே வந்து என் அடுப்பின் முன் நின்றான்.

"எங்க வூட்ல உன் மசாலா வாட அடிக்கிது. நீதான் சொல்லிக் குடுத்தியா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் மீனைத் திருப்பிப் போட்டேன்.

"கேட்டுது, சொன்னேன். அதுல இன்னா?" என்றேன்.

"நாலு பேரு வந்து போற எடம் உன்னுது. அங்க இன்னாடி வேலன்னு சொல்லிட்டேன். நீயும் இனிமே சேக்காத."

சொல்லிவிட்டு இலையை நீட்டினான். வழக்கம்போல இரண்டு கெண்டை வைத்தேன். ஓரத்தில் நின்று முள் எடுத்துச் சாப்பிட்டான். வந்து போகிற அந்த நாலு பேரில் தானும் ஒருவன் என்பது அவனுக்குத் தோன்றியதாகவே தெரியவில்லை. எனக்கும் சொல்லத் தைரியம் இல்லை.

அதோடு அவள் வரவில்லை. நான் மட்டும் மத்தியானத்தில் கொஞ்சம் தாமதமாக அரைக்க ஆரம்பித்தேன், ஒருவேளை வந்தால் என்று. படலுக்கு வெளியே ஆடு உரசினால்கூட நிமிர்ந்து பார்ப்பேன். ஒருமுறை பைப்படியில் அவளைப் பார்த்தேன். மற்ற பெண்களோடு அவளும் ஒதுங்கி வழிவிட்டாள். தலையைத் தூக்கவில்லை. என் குடம் நிரம்புகிற வரைக்கும் அங்கே தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்தான் இருந்தது. அன்றைக்கு மசாலாவில் உப்பு அதிகமாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள்.

சில வருஷம் கழித்து அரசாங்கம் சாராயக்கடைகளை மூடியது. கடை இல்லாத ரோட்டோரத்தில் மீனுக்கு யார் வருவார்கள்? காஞ்சிபுரத்தில் ஒரு மெஸ்ஸில் சமையலுக்குச் சேர்ந்தேன். பின்கட்டில் படுக்க இடம் கொடுத்தார்கள். சைவ மெஸ்தான். ஊரை விட்டுக் கிளம்பும்போது சொல்லிக்கொள்ள ஆள் இல்லாததால், அம்மியை மட்டும் பக்கத்து வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

அப்புறம் பல வருஷம் கழித்து ஒரே ஒரு தடவை அவளைப் பார்த்தேன். ஐயங்கார்குளத்தில் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டுக் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். உத்திரமேரூர் பஸ்ஸுக்காக அவள் நின்றிருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. பக்கத்தில் தாவணி போட்ட பெண். என்னைப் பார்த்ததும் அவளே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவுரு பூட்டாருக்கா" என்றாள். "குடிச்சிக் குடிச்சே பூட்டாரு."

என் இன்னொரு கையையும் அவள் கைமேல் வைத்தேன். அந்தப் பெண், "யாரும்மா இவங்க?" என்று கேட்டாள்.

அவள் கொஞ்சம் தயங்கினாள். "தெரிஞ்சவங்க. நம்ம ஊருலதான் இருந்தாங்க."

பஸ் வந்து நின்றது. கூட்டம் ஏறியது. படியில் கால் வைத்தவள் திரும்பி, "ஒரு நாளு வூட்டுக்கு வாக்கா" என்றாள். அந்த ஊரில் அத்தனை வருஷம் இருந்தும் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

வருகிறேன் என்றேன். ஆனால் போகவில்லை. வயசுக்கு வந்த பெண் இருக்கிற வீடு. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து விசாரிக்கும்போது, சாராயக்கடை எதிரில் மீன் வறுத்தவள் இங்கே வந்து போகிறாள் என்று யாராவது சொல்லிவிட்டால் அவள் பாடு கஷ்டம். அவள் கூப்பிட்டது மனசோடுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.